பகிடியும் வதையும்: பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்பு

இலங்கைத் தமிழில் ‘பகிடிவதை’ என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேரும் மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துவதைக் குறிக்க எழுந்த சொல் அது. செய்பவர் அதனைப் பகிடி என்பர். படுபவரோ வதை என்று அறிவர். இரு தரப்பாரின் பார்வையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியுள்ளது. அச்சொல்லின் பின்னால் உயிரிழப்புகளும் உள்ளன. 1996 இல் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு அரசு இதனைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு உள்ளாகி, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998 இல் இலங்கைப் பாராளுமன்றம் அவ்வாண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது.

பல்கலைக்கழகத்தில் நிகழ்வதற்கு இவ்வாறு பெயரும் சட்டமும் உண்டாயின. பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடசாலை முற்றத்தில் நிகழ்வதற்கோ நம் வீடுகளில் இன்னும் உரிய பெயர் இல்லை. ‘கேலி’, ‘சேட்டை’, ‘சீண்டல்’ என்னும் இலேசான சொற்களே வழங்குகின்றன. பிள்ளை வந்து “என்னைக் கேலி பண்ணுகிறார்கள்” என்று சொன்னால், பெற்றோரின் காதில் பகிடி விழுகிறது, வதை விழுவதில்லை. “நீ உன் படிப்பைப் பார், அதுகளைக் கணக்கெடுக்காதே” என்ற மறுமொழியுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அன்போடு சொல்லப்படும் மறுமொழிதான் அது. ஆயினும், இனிமேல் இதை வீட்டிற் சொல்லிப் பயனில்லை என்பதையே பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

செயின்ட்-மிஷேலில் வாழும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, கியூபெக் மாகாணத்தில் இந்தப் பெயர்க் குழப்பத்திற்கு இடமில்லை என்பதாகும். 2011 இன் இறுதியில் காஸ்பே பகுதியில் மாணவி ஒருவரின் மரணம் மாகாணம் முழுவதையும் உலுக்கியது. பாடசாலைத் துன்புறுத்தல் குறித்து எழுந்த பெரும் விவாதத்தின் பின், 2012 ஜூன் மாதத்தில் தேசிய சட்டசபை பாடசாலைகளில் துன்புறுத்தலையும் வன்முறையையும் தடுப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதன்வழி கல்விச் சட்டத்தில் ஒரு வரைவிலக்கணம் சேர்க்கப்பட்டது. மீண்டும் மீண்டும் நிகழ்வதாய், நேரடியாகவோ மறைமுகமாகவோ, இணையவெளியிலோ வெளிப்படும் சொல், செயல், சைகை, நடத்தை ஆகிய எதுவும் துன்புறுத்தலாகலாம். சம்பந்தப்பட்டவரிடையே வலிமைச் சமமின்மை இருத்தல் வேண்டும். அதன் விளைவாக மனவேதனை உண்டாகி, ஒருவர் காயப்படுத்தப்படுதலோ ஒடுக்கப்படுதலோ ஒதுக்கிவைக்கப்படுதலோ வேண்டும்.

இவ்வரைவிலக்கணத்தில் ஒரு சிறு தொடர் உள்ளது: வேண்டுமென்று செய்ததாயினும், அவ்வாறின்றிச் செய்ததாயினும். 1970களில் ஸ்கண்டிநேவிய நாடுகளில் இத்துறை ஆய்வைத் தொடக்கிய டான் ஒல்வேயஸ், தீங்கு செய்யும் நோக்கத்தையும் தம் வரைவிலக்கணத்தில் வைத்திருந்தார். கியூபெக் சட்டம் அந்நோக்கத்தை நிரூபிக்கும்படி கேட்பதில்லை. “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்னும் மறுமொழி பாடசாலையின் கடமையை நீக்கிவிடாது. மதியவேளையில் உணவுப் பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொள்ளும் விளையாட்டு, நீண்ட தமிழ்ப் பெயரைத் தினமும் திரித்துக் கூப்பிடும் விளையாட்டு, குழு வேலைக்கு ஒரு பிள்ளையை மட்டும் எவரும் சேர்க்காத விளையாட்டு ஆகிய அனைத்தும், வாரக்கணக்கில் தொடர்ந்தால், இவ்வரைவிலக்கணத்தினுள் வரக்கூடியவை. சம வலிமையுள்ள இரு நண்பர் ஒரு நாள் சண்டையிட்டு மறுநாள் சேர்ந்துகொள்வது இதனுள் வராது. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்திருந்தாற்றான் பாடசாலையிடம் பேசும்போது சொல் பிசகாது.

இங்கே குடியேறிய குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 1977 ஆம் ஆண்டின் 101 ஆம் சட்டத்தின்படி, குடியேறி வந்தோரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சுமொழிப் பாடசாலைக்கே செல்கின்றனர். சில ஆண்டுகளில் பிள்ளை பெற்றோரைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசத் தொடங்கிவிடும். அதன்பின் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும், தொலைபேசியிற் பேசுவதும், ஆசிரியருடனான சந்திப்பில் நடுவே அமர்ந்து மொழிபெயர்ப்பதும் அப்பிள்ளையின் பணியாகிவிடுகின்றன. ஆசிரியர், “உங்கள் மகன் மதியவேளையில் எப்போதும் தனியாகவே இருக்கிறான், எனக்குக் கவலையாக உள்ளது” என்கிறார். மகன் தாயைத் திரும்பிப் பார்த்து, “நான் அமைதியான பிள்ளையாம்” என்கிறான். தாய் மகிழ்ந்து நன்றி கூறுகிறாள். பொய் சொல்லும் எண்ணம் அவனிடம் இல்லை. இரவு வேலை முடித்துவந்த தாயின் முகத்தில் மேலும் ஒரு கவலையைக் காண அவன் விரும்பவில்லை, அவ்வளவே.

ஆகவே துன்புறுத்தல் குறித்த எந்தச் சந்திப்பிலும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தலாகாது. உறவினர் ஒருவரையோ நம்பிக்கைக்குரிய அயலவரையோ அழைத்துச் செல்லலாம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யும்படி சந்திப்புக்கு முன்பே பாடசாலையிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆங்கிலம் ஓரளவு பேசும் பெற்றோர் ஆங்கிலத்தில் விளக்கும்படியும் கேட்டுப் பார்க்கலாம். எவரும் கிடைக்காவிடின், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே பிரெஞ்சில் எழுதுவித்து எடுத்துச் செல்வது நன்று.

பிள்ளையிடம் விசாரிக்கும் முறையும் கருதத்தக்கது. “பள்ளிக்கூடம் எப்படி?” என்று கேட்டால் “நல்லம்” என்பதைத் தவிர வேறு விடை வராது. “பிள்ளை, இன்று மதியம் யாரோடு இருந்து சாப்பிட்டாய்?” என்று கேட்டால் ஒரு பெயர் வரவேண்டும். பல நாட்களாகப் பெயர் வரவில்லையெனில் அதுவே செய்தி. உணவுப் பெட்டி நிரம்பியபடியே திரும்பி வருதல், பொருள்கள் அடிக்கடி ‘தொலைந்து’ போதல், ஞாயிறு இரவுகளில் வயிற்றுவலி, வழக்கமான பேருந்தை விட்டுச் சுற்றுவழியில் நடந்து வருதல், புள்ளிகள் திடீரெனக் குறைதல் ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் கேட்காமல் விடலாகாது. பிள்ளை சொல்லத் தொடங்கினால், முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்காமல் இருப்பதே கடினமான பகுதி. “நீ என்ன செய்தாய்?” என்ற கேள்வியை முதலிற் கேட்டுவிட்டால் இரண்டாவது வாக்கியம் வராது.

இனி மாணவர் தாமே செய்யக்கூடியவை. தொல்லை தொடங்கியதும் உரத்த, குறுகிய, நடுக்கமற்ற ஒரு சொல் உதவும். பிரெஞ்சில் “அரெத்!” என்றால் “நிறுத்து!” என்று பொருள். இதனை வீட்டிலேயே, கண்ணாடிமுன் நின்று பலமுறை சொல்லிப் பழகலாம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினும், பழகாத சொல் தேவைப்படும் நேரத்தில் நாவில் வருவதில்லை. சொன்னவுடன் அங்கு நின்று வாதிடாமல், ஆட்கள் உள்ள பக்கமாக நடந்துவிட வேண்டும். படிக்கட்டு, உடைமாற்றும் அறை, கழிப்பறை, பேருந்துத் தரிப்பிடம் முதலிய கண்காணிப்புக் குறைந்த இடங்களுக்கு ஒருவரேனும் துணையுடன் செல்வது நன்று. திருப்பி அடிக்கும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் ஆத்திரம் விளங்கக்கூடியதே. ஆனால் கைகலப்பு ஏற்பட்டால் பாடசாலையின் பதிவேட்டில் இரு மாணவரின் சண்டையாகவே அது பதியப்படக்கூடும். மூன்று மாதமாக நடந்த வதை அந்த ஒரு நாளின் பின்னால் மறைந்துபோகும்.

அடுத்தது, பெரியவர் ஒருவரிடம் சொல்வது. இங்கே ஒரு தடை உண்டு. ‘கோள் சொல்லக் கூடாது’ என்று தமிழ் வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. கியூபெக் மாணவர் வழக்கிலும் கோள் சொல்பவரை ‘ஸ்டூல்’ என்று இழித்துரைப்பர். இரு பண்பாடுகளும் சேர்ந்து பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றன. ஒருவரைச் சிக்கவைப்பதற்காகச் சொல்வது கோள். ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்வது உதவி கேட்டல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இவ்வேறுபாடு புரியும். ஆனால் பெற்றோரின் வாயால் அதனைக் கேட்டிருக்க வேண்டும். முதலிற் சொன்ன பெரியவர் கவனிக்காவிடின் இரண்டாமவரிடமும் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவதாக, எழுதிவைத்தல். நாள், நேரம், இடம், என்ன நடந்தது, யார் கண்டார்கள், யாரிடம் சொல்லப்பட்டது என்பவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதவேண்டும். வசைச் சொற்களை அவை கூறப்பட்ட மொழியிலேயே எழுதுவது நல்லது. மொழிபெயர்த்தால் அவற்றின் நஞ்சு குறைந்துவிடும். கைத்தொலைபேசியில் வந்தவற்றை அழிப்பதற்கு முன் திரைப்படம் பிடித்துவைக்க வேண்டும். பிள்ளைகள் அருவருப்பினால் முதலில் அழிப்பதும் இவற்றையே. 2025 இலையுதிர்காலம் முதல் கியூபெக்கின் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை கைத்தொலைபேசிப் பாவனை தடைசெய்யப்பட்டுள்ளது. இது பகல் வேளைக்கு ஓரளவு ஆறுதல். மாலையில் வீட்டு அறைக்குள் நடப்பதை அத்தடை தொடாது. ஆயினும் இணையவழித் துன்புறுத்தலும் சட்டத்தின் வரைவிலக்கணத்தினுள் அடங்கும் என்பதால், “வெளியில் நடந்தது எங்கள் பொறுப்பன்று” என்ற ஒரு சொல்லோடு பெற்றோர் திரும்பிவிடத் தேவையில்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவரின் சம்மதமின்றிப் பரப்புவது கனடாவின் குற்றவியற் சட்டத்தின்படி குற்றமாகும். அந்நிலையில் பாடசாலையோடு நில்லாது காவற்றுறையையும் அணுகவேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் பொருந்தும்.

துன்புறுத்தப்படாத பிள்ளைகளுக்கும் இதிற் பங்குண்டு. ஒருவேளை பெரும்பங்கு அவர்களுடையதே. ரொறன்ரோவின் ஆரம்பப் பாடசாலை முற்றங்களில் மாணவரை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் முதலியோர் 2001 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். துன்புறுத்தல் நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் அருகில் இருந்தனர். 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்கள் தலையிட்டனர். தலையிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து வினாடிகளுக்குள் தொல்லை நின்றது. பத்து வினாடி! தலையிடுதல் என்றால் எதிர்த்து நின்று போராடுதல் என்று பொருளாகாது. “வா, நாங்கள் விளையாடப் போவோம்” என்று தனித்து நிற்கும் பிள்ளையை அழைத்துச் சென்றாலே போதும். 2007 இல் நோவா ஸ்கோஷியாவில், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்ததற்காக ஒரு புதிய மாணவன் அச்சுறுத்தப்பட்டபோது, 12 ஆம் தர மாணவர் இருவர் அதே நிறச் சட்டைகளை வாங்கிப் பாடசாலை முழுவதும் பகிர்ந்தளித்தனர். இன்று கனடா எங்கும் பெப்ரவரியிற் கொண்டாடப்படும் இளஞ்சிவப்புச் சட்டை நாள் அங்கே தோன்றியதே. சட்டை அணியும் நாள் கடந்தபின் என்ன நடக்கிறது என்பதே பிள்ளைக்கு முக்கியம்.

பாடசாலையின் கடமைக்கு வருவோம். கியூபெக்கின் ஒவ்வொரு பாடசாலையும் துன்புறுத்தலுக்கும் வன்முறைக்கும் எதிரான செயற்றிட்டம் ஒன்றை வைத்திருத்தல் சட்டப்படி கட்டாயம். பிரெஞ்சில் அதனைச் சுருக்கமாகப் ‘பிளான் த லுத்’ என்பர். அலுவலகத்தில் அச்சொல்லைச் சொன்னாலே விளங்கிக்கொள்வர். எவ்வாறு முறையிடுவது, முறையிட்டபின் யார் என்ன செய்வார், பாதிக்கப்பட்ட மாணவருக்கும் கண்ட சாட்சிக்கும் துன்புறுத்திய மாணவருக்கும் என்ன உதவி, இரகசியம் எவ்வாறு காக்கப்படும் என்பன அதில் இருத்தல் வேண்டும். அதனை எளிய நடையில் விளக்கும் ஆவணம் பெற்றோருக்கு வழங்கப்பட வேண்டும். துன்புறுத்தல் பற்றி அறிந்ததும் அதிபர் அதனை விரைந்து கவனித்து, சம்பந்தப்பட்ட மாணவரின் பெற்றோருடன் தொடர்புகொள்ள வேண்டும். எந்த மாணவரும் துன்புறுத்தலுக்கு உள்ளாகாதபடி பார்த்துக்கொள்வது ஆசிரியர் மட்டுமன்றிப் பாடசாலை ஊழியர் ஒவ்வொருவரினதும் கடமையென்று சட்டம் கூறுகிறது.

முதற் சந்திப்பின்போது பெற்றோர் பலர் தவறவிடுவது ஒன்றுண்டு. “அந்தப் பிள்ளைக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்?” என்று கேட்டு, அதனைச் சொல்லமுடியாது என்ற விடையைப் பெற்று, கோபத்துடன் திரும்புவர். மற்றப் பிள்ளையின் விவரம் இரகசியமாகையால் அந்த விடை கிடைப்பதற்கில்லை. “என் பிள்ளைக்கு நாளை காலை முதல் என்ன பாதுகாப்பு? மதியவேளையில் யார் கவனிப்பார்? எந்த நாளில் மீண்டும் எங்களுடன் பேசுவீர்கள்?” என்று கேட்டால் அவற்றுக்கு விடை தரவேண்டிய நிலை பாடசாலைக்கு உண்டு. பேசி முடித்த அன்றே, கூறப்பட்டவற்றைச் சில வரிகளில் மின்னஞ்சலாக எழுதி அதிபருக்கு அனுப்பிவைப்பது பிற்பாடு பெரிதும் உதவும்.

பாடசாலை தன் கடமையைச் செய்யவில்லையெனில், 2023 ஆகஸ்ட் 28 முதல் நடைமுறையில் உள்ள முறைப்பாட்டு வழி ஒன்றுண்டு. முதலில் சம்பந்தப்பட்ட ஊழியரிடமோ அவரின் மேலாளரிடமோ முறையிட வேண்டும். அவருக்கு 10 வேலைநாட்கள். விடை கிடைக்காவிடினோ திருப்தியில்லையெனினோ, பாடசாலைச் சேவை மையத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளரிடம் செல்லலாம். செயின்ட்-மிஷேலின் பிரெஞ்சுமொழிப் பொதுப் பாடசாலைகளுக்கு அது மொன்றியல் பாடசாலைச் சேவை மையம். ஆங்கிலமொழிப் பாடசாலைகளுக்கு ஆங்கில மொன்றியல் பாடசாலைச் சபை. அவருக்கு 15 வேலைநாட்கள். அதன்பின் பிராந்திய மாணவர் பாதுகாவலர்; அவர் 20 வேலைநாட்களுக்குள் ஆராய்ந்து தம் முடிவைத் தெரிவிப்பார். முறைப்பாட்டை வாய்மொழியாகவும் கூறலாம். எழுதுவதற்கு உதவி தேவையெனில் கேட்கலாம். தொலைபேசி எண் 1 833 420-5233. பாலியல் வன்முறை சம்பந்தப்பட்டதாயின் முதலிரு படிகளையும் கடந்து நேரே பிராந்தியப் பாதுகாவலரிடம் செல்லலாம். தனியார் பாடசாலைகளுக்கும் இவ்வமைப்புப் பொருந்தும்.

“சொன்னால் இன்னும் மோசமாகும்” என்று பிள்ளைகள் அஞ்சுவதை வீண் பயம் என்று தள்ளிவிட இயலாது. தமிழ்நாட்டின் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. சாதியின் பெயரால் உடன் பயின்ற மாணவரின் துன்புறுத்தலைத் தாங்காது ஒரு 12 ஆம் வகுப்பு மாணவன் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினான். காரணம் கேட்கப்பட்டு, அவன் கூறி, முறைப்பாடு எழுதப்பட்டது. அதன்பின் அம்மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. அச்சிறுவன் உயிர்தப்பி, பொதுத்தேர்விலும் சித்தியடைந்தான். மொன்றியலில் அத்தகைய கொடுமை நிகழும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் ஒரு பிள்ளை வாய்திறந்த அந்த நாளிலிருந்து அதன் பாதுகாப்பு ஏற்பாடு தொடங்கியிருக்க வேண்டும் என்பது இரு ஊர்களுக்கும் பொதுவானது. ஆதலால் முறைப்பாட்டோடு, பாடசாலைக்குச் சென்று வரும் வழி, மதியவேளை, வகுப்பறை இருக்கை ஆகியவை பற்றியும் அன்றே பேசவேண்டும். முறையிட்டவர்மீது பழிவாங்குதலைச் சட்டம் தடைசெய்கிறது.

இரு தரப்பும் தமிழ்ப் பிள்ளைகளாய் இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. புதிதாக வந்த பிள்ளையின் பேச்சையும் உடையையும் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளையே எள்ளி நகையாடுவது அரிதன்று. அப்போது பெற்றோர் கோயிலிலோ கொண்டாட்ட மண்டபத்திலோ தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முனைவர். அல்லது ‘சனம் என்ன சொல்லும்’ என்று மூடிவிடுவர். பெரியவரின் நட்பு மீளும். பிள்ளையின் மதியவேளை மாறாது. இவ்விடயத்திலும் பாடசாலைக்கே முதலிற் கூறவேண்டும். தம் பிள்ளையே துன்புறுத்துகிறது என்று அதிபர் அழைத்துச் சொன்னால், மறுப்பதும் அடிப்பதும் உதவா. செயற்றிட்டம் அப்பிள்ளைக்கும் உதவி வழங்கக் கடமைப்பட்டுள்ளது; அதனைக் கேட்டுப் பெறலாம்.

உடனடி உதவிக்குச் சில எண்கள்: இளையோர் பேசுவதற்கு ‘தெல்-ஜேன்’ 1 800 263-2266, ‘கிட்ஸ் ஹெல்ப் போன்’ 1 800 668-6868. பெற்றோருக்கான எண் 1 800 361-5085. சமூகசேவையாளருடன் பேச 811 ஐ அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தலாம். பிள்ளை இறப்பைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ காத்திராமல் 988 ஐ அழைக்க வேண்டும். உயிராபத்து நேர்ந்த வேளையில் 911. ஜாரி கிழக்கு வீதியிலுள்ள செயின்ட்-மிஷேல் சமூக சுகாதார நிலையத்திலும் குடும்பங்கள் உதவி கேட்கலாம்.

ஒவ்வொரு செப்ரெம்பர் முடிவதற்குள் பாடசாலைகளிற் பெற்றோர் பொதுக்கூட்டம் கூட்டப்படுகிறது. செயற்றிட்டத்தை ஏற்று, ஆண்டுதோறும் அதன் பயனை மதிப்பிடும் நிர்வாக சபைக்குப் பெற்றோர் பிரதிநிதிகள் தெரிவாவது அக்கூட்டத்திலேயே. போட்டியிடப் பிரெஞ்சுப் புலமை வேண்டும் என்று எவரும் தேர்வு வைப்பதில்லை.